மூடிய லைனில் ஓடிய வண்டி

"நான் யார்கிட்டயும் சொல்லி அனுப்பலியே தங்கவேலு" என்றார் சடையன்.

ஜோலார்பேட்டையில் எஞ்சின் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய லேத் பட்டறை வாசலில் தங்கவேல் நின்றுகொண்டிருந்தார். மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, திருப்பத்தூரில் மாறி, நொண்டும் இடது காலோடு அவ்வளவு தூரம் வந்திருந்தார். நான்கு பித்தளைச் சக்கரங்களும் கடைந்து தயாராக இருப்பதாகவும், வியாழக்கிழமையே வந்து வாங்கிக்கொள்ளும்படியும் அவருக்குச் சேதி வந்திருந்தது. சேதியைக் கொண்டுவந்தவன் அருணகிரி, அவர் மனைவி ஜெயம்மாளின் தம்பி.

"இன்னும் ரெண்டு சக்கரத்துல கையே வெக்கல. ஆடி மாசம்தானே கேட்டே?" என்றார் சடையன்.

 தங்கவேலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வியாழக்கிழமை அவர் வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சடையன் டீ சொல்லப் போனபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் பிடிக்க நடந்துவிட்டார்.

அந்த ஷெட்டில் இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர் தங்கவேல். எழுபத்தெட்டில் ஒரு இரும்புத் தண்டு நழுவி விழுந்து காலில் இரண்டு விரல் போயிற்று. வேலையிலிருந்து நிற்கச் சொன்னார்கள். ஜமுனாமரத்தூரைத் தாண்டி இருந்த சொந்த நிலத்துக்குத் திரும்பியவர், சாமை விதைத்த நேரம் போக, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் ரயில் விட ஆரம்பித்தார்.

விளையாட்டுச் சாமான் இல்லை அது. பெட்டிக்குக் கட்டி வரும் இரும்புப் பட்டையை நெட்டுக்குத்தலாக நிறுத்தித் தண்டவாளம் போட்டார். புளியங்கட்டையைச் சீவி ஸ்லீப்பர் கட்டை செய்தார். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு உள்ளங்கை அகலம் இருக்கும். சல்லியைச் சலித்து, கழுவி, கையாலேயே கொட்டி நிரவினார். எஞ்சின் ஒரு முழ நீளம். உடம்பு தகரம், சக்கரம் பித்தளை, வயிற்றுக்குள் பழைய கிராமபோன் ஸ்பிரிங். சாவி கொடுத்தால் பலா மரத்தைச் சுற்றி, வாழைக்குத் தண்ணீர் பாயும் கால்வாயின் மேல் பாலம் தாண்டி, துணி துவைக்கும் கல்லை ஒட்டித் திரும்பி வந்து நிற்கும்.

லைன் போட்ட பிறகுதான் தோட்டத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. தரையோடு தரையாக உட்கார்ந்து ஆணி அடிக்கிறவன் கண்ணுக்கு எல்லாமே படும். நீளமான ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதி வைப்பார். 6.50, கீரி, லைனைத் தாண்டிப் பலா மரம் நோக்கி. 7.15, தவிட்டுக்குருவி ஏழு, பாலத்தின்மேல். ஷெட்டில் எஞ்சின் வரவு போக்கு எழுதிய அதே கையெழுத்து.

அந்த வருஷம் சித்திரையில் ஒரு ஆக்காட்டிக் குருவி வந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சல்லியைக் காலால் பறித்து நான்கு முட்டை வைத்தது. மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டைகள், கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. பார்த்த அன்று தங்கவேலுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய லைனில் சல்லிக்கு நடுவே இதே குருவி முட்டையிடுவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அது இவருடைய லைனையும் நிஜ லைன் என்று நம்பிவிட்டது. எந்த இன்ஸ்பெக்டரும் அவருக்குக் கொடுக்காத சான்று அது.

அன்றே லைனை மூடினார். இரண்டு பக்கமும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டார். எஞ்சினைப் பெட்டியில் வைத்து, சாவியை மாடத்தில் போட்டார். காலையும் மாலையும் வாழைமர மறைவில் உட்கார்ந்து பார்த்தார். வெயில் ஏறினால் ஆண் குருவி கால்வாய்க்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் படுத்தது. அதையும் எழுதினார்.

அருணகிரி வந்தது பதினாறாம் நாள். மலையில் சிறு பாலமும் வாய்க்காலும் கட்டுகிற கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. திருப்பத்தூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ரோடு பார்க்க வருகிறார் என்றான்.

"மலைமேல ரயில் ஓடுதுன்னு சொன்னேன் மாமா. கட்டாயம் பாக்கணும்னாரு. வியாழக்கெழம வர்றாரு."

"லைன் மூடியிருக்குது."

"ஒரே ஒரு சுத்து. நீங்கதானே சொன்னீங்க, எக்ஸ்பிரஸ் மேல போனாலும் அந்தக் குருவி அப்டியே படுத்துக்கினு கெடக்கும்னு."

"அந்த வண்டி அதும் தலைக்கு மேல போவும். என் எஞ்சினுக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு கட்டவெரல்தான் எடம். நசுக்கிக்கினு போவும். இன்னும் பன்னெண்டு நாள் பொறுக்கச் சொல்லு."

"ஆபீசரப் போயி குருவிக்கோசரம் பொறுங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"ஆமா."

அருணகிரி சிரித்துவிட்டுப் போனான். அக்காளிடம் சமையலறையில் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் போனான். இரண்டு நாள் கழித்துச் சக்கரச் சேதி வந்தது.

திருப்பத்தூரில் மத்தியான பஸ் டயர் வெடித்து நின்றுவிட்டது. இரண்டு மணி வரை தங்கவேல் அங்கேயே நின்றார். ஏறி உட்கார்ந்த பிறகு முன் சீட்டுக் கம்பியை அவர் பிடித்த பிடியைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவருக்கு எதிரே ஒரு ஜீப் இறங்கி வருவதுபோல இருந்தது. மூன்றாவது வளைவில் நிஜமாகவே ஒன்று இறங்கிப் போயிற்று. உள்ளே யார் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. வாசலில் கடன் வாங்கிப் போட்ட நாற்காலிகள் கிடந்தன. தோட்டத்தில் சோடா பாட்டில்கள். எஞ்சின் லைன்மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் புகைபோக்கியில் ஒரு சாமந்தி மாலை. சிவப்புத் துணிக் குச்சிகளைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். தலைக்கு மேலே இரண்டு ஆக்காட்டிகளும் கத்திக்கொண்டே சுற்றின.

"முட்ட எங்க?" என்றார்.

ஜெயம்மாள் பலா மரத்தடியைக் காட்டினாள். ஒரு கூடையில் சருகு பரப்பி நான்கையும் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். அவள் வைத்தபோது அங்கே நிழல். உச்சி சாய்ந்ததும் வெயில் நேராக அதன்மேல் இறங்கியிருக்கிறது.

"எத்தினி மணிக்கு எடுத்தே?"

"பதினோரு மணி இருக்கும். ஒரு மணிக்கே வர்றாங்கன்னு தம்பி சொன்னான். அவங்க வந்தது மூணுக்கு. போனதும் வெக்கலாம்னுதான் இருந்தேன். அந்தக் குருவி கிட்ட வுடல, மேல வந்து வந்து பாஞ்சுச்சு."

"சாவி?"

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவருக்குக் கை எழுந்தது. எழுந்த கை எஞ்சின்மேல் கிடந்த மாலையைப் பிடுங்கிப் போட்டது. அப்புறம் மண்டியிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய குழியில், கூர்முனை உள்பக்கம் இருக்கும்படி வைத்தார். சுட்டன, அடுப்பிலிருந்து எடுத்த கிழங்கு மாதிரி. அவர் விலகிப் பத்து நிமிஷத்தில் பெண் குருவி ஓடி வந்து படுத்தது.

அன்றிலிருந்து அவர் ஜெயம்மாளிடம் பேசவில்லை. அவள் போட்டதைச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். அவ்வளவுதான்.

இருபத்தெட்டு நாளில் பொரிக்க வேண்டும். இருபத்தெட்டு போயிற்று, முப்பது போயிற்று. குருவிகள் விடவில்லை. மாறி மாறிப் படுத்தன. ஆண் குருவி முன்போலவே கால்வாய்க்கு ஓடி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, செத்துப்போன முட்டைகளைக் குளிர வைத்தது. நோட்டில் எழுதும்போது பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது. ஒரே அடியில் செத்திருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். இதை அவர் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. எழுந்து போய்விடவும் முடியவில்லை. அருணகிரியின் சிரிப்பு, அந்தக் கூடை, ஒரு மணிக்கு வருகிறேன் என்று மூன்று மணிக்கு வந்த ஜீப், எல்லாம் சேர்ந்து அவர் நெஞ்சில் கரியாகக் கனன்றன.

முப்பத்தொன்பதாம் நாள் காலை ஜீப் சத்தம் கேட்டது.

அருணகிரி முதலில் இறங்கினான், புதுச் சட்டையில். பின்னால் அதிகாரி. ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். முகத்தில் கெட்ட குணம் எதுவும் தெரியவில்லை.

"மாமா, சாருக்கு ரயில் ரொம்பப் புடிச்சிப் போச்சு. திருப்பத்தூர்ல பொருட்காட்சி போடறாங்க. அதுல வெக்கணுமாம். தண்டவாளத்தோட பேத்துக்கினு போவ ஆளு கூட்டியாந்திருக்கேன், ஜீப்புல இருக்காங்க" என்றான் அருணகிரி.

அதிகாரி கை கூப்பினார். "அன்னிக்கு நீங்க ஊர்ல இல்லைன்னு சொன்னாங்க. அருமையான வேலைங்க. உங்களப் பாக்கணும்னுதான் நானே வந்தேன்."

தங்கவேல் கேட்டைத் திறக்கவில்லை. கைகளை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், நான் ரயில்வேல இருபத்தாறு வருசம் இருந்தவன். லைன் மூடியிருக்கும்போது வண்டி வுட்டா அதுக்கு விசாரண உண்டு. அன்னிக்கு நீங்க பாத்தீங்களே, அது மூடின லைன்ல ஓடின வண்டி. என்னப் பொய் சொல்லி ஊருக்கு அனுப்பிட்டு ஓட்டினாங்க. லைன்ல ஒரு குருவி நாலு முட்ட வெச்சிருந்துச்சு. அத்த எடுத்து வெயில்ல வெச்சிட்டாங்க. நாலும் போச்சு. அது இன்னும் அத்தயே அடகாத்துக்கினு கெடக்குது. வேணும்னா வந்து பாருங்க. ரயில் வராது."

அதிகாரி அருணகிரியைத் திரும்பிப் பார்த்தார். "அவருதான் ஓட்டச் சொல்லிட்டுப் போனாருன்னு சொன்னியேப்பா?"

"குருவி முட்ட சார்" என்று சிரிக்கப் பார்த்தான் அருணகிரி. "இந்த வருசம் போனா அடுத்த வருசம் வெக்கும். இவுரு ஒருமாதிரி. ஷெட்டுல அடிபட்டதுலேர்ந்தே அப்டித்தான். முட்டய நாங்க யாரும் தொடல சார். கீரி எதாச்சும் உருட்டியிருக்கும்."

"கீரி இல்லீங்க" என்று ஒரு குரல் வந்தது.

ஜெயம்மாள் நடையில் வந்து நின்றிருந்தாள். முந்தானையில் ஈரக் கையைத் துடைத்தபடி அதிகாரியைப் பார்த்தே சொன்னாள். "நான்தாங்க எடுத்தேன். இவன் எடுக்கச் சொன்னான், நான் எடுத்தேன். சாவி குடுத்ததும் நான்தான். அவரு ஒருமாதிரி எல்லாம் இல்ல."

"அக்கா, நீ கம்னு இரு."

"நீ கம்னு இரு. பொய்க்கு மேல பொய் சொல்லிக்கினு."

அதிகாரி தங்கவேலின் பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியாதுங்க" என்றார். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று தங்கவேல் கேட்க நினைத்தார், கேட்கவில்லை. அதிகாரி ஜீப்பில் ஏறி, அருணகிரியை ஏறச் சொல்லாமலே வண்டியை எடுக்கச் சொன்னார்.

"என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க" என்றான் அருணகிரி. "இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"மிதிக்காத" என்றார் தங்கவேல். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு இருபது நாளாக வராத மூச்சு வந்தது.

அருணகிரி வெயிலில் நடந்தே போனான். வளைவில் மறையும்வரை தங்கவேல் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்தார். இறங்கவில்லை. திரும்பி, நடையில் நின்றவளிடம் வந்தார்.

"இன்னிக்கு உண்ம பேசினியே, அன்னிக்கு எங்க போச்சு இந்த வாயி?"

"பேசிட்டீங்களா? சந்தோசம். இருவது நாளு" என்றாள் அவள்.

"உனக்குத் தெரியாதா, நான் எத்தினி நாளா அத்தப் பாத்துக்கினு இருந்தேன்னு?"

"தெரியும். நல்லாத் தெரியும். நான் செஞ்சது தப்புதான். அது கத்தின கத்து இன்னும் என் காதுல கெடக்குது. ஆனா ஒண்ணு கேக்கறேன். அது கால்வாய்க்குப் போயி வயித்த நனைச்சிக்கினு வந்ததெல்லாம் மணி போட்டு எழுதி வெச்சிருக்கீங்க. நான் நாலு வருசமா அந்தக் கெணத்துலேர்ந்து எத்தினி கொடம் மொண்டாந்தேன்னு எங்கியாவது எழுதியிருக்கீங்களா?"

தங்கவேல் கால்வாய்ப் பக்கம் பார்த்தார்.

"வெரலு போயி வந்தீங்க. மொதல்ல ரயிலு, அப்பறம் குருவி. இந்த வூட்டுக்கு மனுசன்னு ஒருத்தரு வந்து நாலு வருசம் ஆச்சு. அன்னிக்கு அந்த ஆபீசரு என் கையால டீ வாங்கிக் குடிச்சிட்டு, நீ எந்த ஊரும்மான்னு கேட்டாரு. நீங்க கேட்டதில்ல."

"எனக்குத் தெரியும் நீ எந்த ஊருன்னு. அத்தப் போயி கேப்பாங்களா?"

"அதான். எல்லாம் உங்களுக்குத் தெரியும்."

"அதுக்கு என் சாவிய எடுத்துக் குடுப்பியா?"

"குடுத்தேன். உங்க சாவிதானே, என் வூட்டு மாடத்துலதானே கெடக்குது?"

அவர் குரலை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். ஷெட் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் அவர் நைட் டூட்டி மாற்றிக்கொள்ளாதது வந்தது. அவருடைய அம்மா செத்தபோது அவள் நான்கு நாள் தாமதமாக வந்தது வந்தது. கல்யாணத்தன்று அருணகிரி பந்தியில் சண்டை போட்டதுகூட வந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த குப்பம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். ஜெயம்மாள் மனதில் இவ்வளவு இருந்தது என்று தங்கவேலுக்குத் தெரியாது. தெரிந்ததும் இன்னும் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உள்ளே அடுப்பில் சாமைச் சோறு அடிபிடிக்கும் வாடை வந்தது. இருவருக்கும் அது தெரிந்தது. அவள் உள்ளே போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை. "இன்னும் இன்னா இருக்குது, சொல்லு" என்றார் அவர். அவள் நடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.