கலங்கல்

மீன் மாட்டிய முப்பத்தைந்தாவது நிமிடத்திலேயே தூண்டில் நரம்பை அறுத்திருக்க வேண்டும் என்று லோர்னாவுக்குத் தெரியும். ஆகஸ்ட் மாத வெயிலில் கனடாவின் ஃபிரேசர் ஆறு வெதுவெதுப்பாகக் கிடந்தது. காலையில் படகை இறக்கும்போதே வெப்பமானியைப் பார்த்து முகம் சுளித்திருந்தாள். சூடான தண்ணீரில் மீனுக்கு மூச்சுக்காற்று குறைவு. பெரிய ஸ்டர்ஜன் மீன் அதிக நேரம் இழுபட்டால் தாங்காது. பத்தொன்பது வருடங்களாக ஆட்களை ஸ்டர்ஜன் பிடிக்க அழைத்துப் போகிறவள். பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப விடுவதுதான் இந்த ஆற்றின் சட்டம். உயிரோடு விட வேண்டும் என்பது அவளுடைய சட்டம்.

ஆனால் தூண்டில் கழியைப் பிடித்திருந்தவர் கார்டன் தீசன். அறுபத்தெட்டு வயது. மூளையில் கட்டி, அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. இடது கை இப்போதே சொன்னபடி கேட்பதில்லை. அண்ணன் எல்மர், சஸ்காச்சுவன் மாகாணத்தில் கோதுமை விளைவிக்கிறவர், இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்து இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். பதினோரு வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி என்பது அவர்கள் காப்பி ஊற்றிக்கொடுத்த விதத்திலேயே லோர்னாவுக்குப் புரிந்துவிட்டது. ஒருவர் கோப்பையைப் பலகை மேல் வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார். கைக்குக் கை மாறவில்லை.

மீன் ஒருமுறை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பியது. கார்டனின் முகம் அப்போது மலர்ந்ததை லோர்னா பார்த்தாள். அதன் பிறகு கத்தியை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. கார்டன் தளர்ந்தபோது எல்மர் கழியை வாங்கிக்கொண்டார்.

ஐம்பதாவது நிமிடத்தில் வாய் திறந்தாள். "இதுக்கு மேல வேணாம். அறுத்துடலாம். மீன் செத்துடும்."

"ஏம்மா, அவன் இன்னொரு தடவை வரப்போறானா?" என்றார் எல்மர், திரும்பாமல்.

அவள் அறுக்கவில்லை.

இன்னும் கால் மணி நேரம் கழித்து மணல்திட்டின் ஓரம் மீனைச் சேர்த்தார்கள். எட்டரை அடி. லோர்னாவின் அம்மாவைவிட வயது கூடியதாக இருக்கும். கொக்கி சுலபமாகக் கழன்றது. விட்டவுடன் மீன் மெல்லப் புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டியது.

லோர்னா இடுப்பளவு தண்ணீரில் குதித்து அதை நிமிர்த்தினாள். "ரெண்டு பேரும் இறங்குங்க. தலை எதிர்நீரப் பார்த்தே இருக்கணும். சாய விடக்கூடாது."

கார்டன் தலைப்பக்கம், எல்மர் வால்பக்கம், நடுவில் அவள். செவுள் எப்போதாவது ஒருமுறை திறந்தது. முதுகின் எலும்புத் தகடுகள் அவள் முழங்கையைச் சிராய்த்தன. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, கத்தி என் இடுப்பில்தானே இருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் அப்படியே மீனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எல்மர், மீனின் வாலைப் பார்த்தபடியே கேட்டார்: "டோராவ அடக்கம் பண்ணின அன்னைக்கு நீ ஏன்டா வரல?"

கார்டன் செவுளைப் பார்த்தபடியே சொன்னார்: "கிளம்பினேன். பாதி தூரம் வந்து பெட்ரோல் போட நிறுத்தினேன். வண்டிக்குள்ளயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திரும்பிட்டேன்."

"ஏன்?"

"தெரியலண்ணே. அண்ணி இல்லாத வீட்டுக்குள்ள உன் முகத்தைப் பார்க்கணுமேன்னு இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் சரியா சொல்லத் தெரியல."

ஆறு மூவரின் இடுப்பையும் தள்ளிக்கொண்டு ஓடியது. எல்மரின் தாடை அசைந்தது. ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று லோர்னா எதிர்பார்த்தாள்.

"சோறு எடுத்து வெச்சிருந்தேன் உனக்கு," என்றார் எல்மர். "எல்லாரும் போனப்புறம்கூட."

கார்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தலைய நல்லாத் தூக்கிப் பிடி," என்றார் எல்மர். "கை வலிச்சா சொல்லு, மாத்திக்கலாம்."

"வலிக்கல."

செவுள் அடிக்கடி திறக்கத் தொடங்கியது. லோர்னா மனதுக்குள் எண்ணினாள். கடைசியில் உள்ளங்கைக்குக் கீழே ஒரு இறுக்கம் ஓடியது. வால் ஒருமுறை வீச, எல்மர் தடுமாறித் தண்ணீரில் உட்கார்ந்தார். பழுப்புக் கலங்கலில் முதுகுத் தகடுகளின் வரிசை அமிழ்ந்து மறைந்தது.

"பொழச்சுக்குமா?" என்றார் கார்டன்.

பொதுவாக அவள் ஆம் என்றுதான் சொல்வாள். "தெரியல. நான் முன்னாடியே அறுத்திருக்கணும்."

திரும்பும் வழியில் அவள் என்ஜினை மெதுவாகவே ஓட்டினாள். ஈர உடையோடு எல்மர் ஒரு பக்கமும் கார்டன் மறுபக்கமும் விளிம்பைப் பிடித்து நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். மீன் வயிறு போல வெள்ளையாக எதுவோ மிதந்து வந்தது. லோர்னா வேகத்தைக் குறைத்தாள். பட்டை உரிந்த கட்டை. சற்றுத் தள்ளி வெள்ளையாக இன்னொன்று தெரிந்தது. கார்டன் வலது கையால் அதைச் சுட்டிக்காட்ட, எல்மர் அந்தப் பக்கம் வந்து தம்பியின் தோள்மேல் சாய்ந்து கண்களை இடுக்கிப் பார்த்தார். லோர்னா என்ஜினை நிறுத்தினாள். படகு தன் போக்கில் அதை நோக்கி மிதந்தது.