இன்னொரு தடவை கேட்பார்கள் என்று

ஜன்னலோர மேசை வேண்டாம் என்று அவள் சொன்னது, வேண்டாம் என்பதற்காக இல்லை. மேற்பார்வைக்கார அம்மாள் இன்னொரு தடவை கேட்பாள், அப்போது "இவ்வளவு சொல்றீங்க, சரி" என்று போய் உட்காரலாம் என்றுதான். மானமுள்ளவள் எவளாவது முதல் தடவையிலேயே தலையாட்டுவாளா? அந்த மகராசியோ "வுட் யூ லைக்" என்று சிரித்த முகமாகக் கேட்டாள், இவளுடைய "நோ, தேங்க் யூ"வையும் அதே சிரிப்போடு வாங்கிக்கொண்டாள், நேரே போய்ப் பொத்தான் தைக்கிறவளை அங்கே உட்காரவைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் எட்டு மாதம். பிழைக்க வந்த சீமையில், பழைய உடுப்புகளைப் பிரித்து அளவு திருத்தித் தரும் கடை அது. டியூப்லைட் வெளிச்சத்தில், கறுப்புத் துணியில் கறுப்பு நூல். சாயங்காலமானால் கண் பூத்துப்போகும், நெற்றிப்பொட்டு தெறிக்கும். போன மாதம் இரண்டு கோட்டுகளின் மடிப்பு கோணிவிட்டது. இன்னும் ஒன்று பிசகினால் வேலைக்கே உலை.

இப்போது பொத்தான்காரி ஊர் மாறிப் போகிறாள். மேசை காலியாகப்போகிறது.

"இங்கெல்லாம் ஒரு தடவைதான் கேப்பாங்க," என்றான் பஸ் ஓட்டுகிற கணவன். "நீ வேணாம்னா வேணாம்தான். உன் வார்த்தையை நம்புறாங்க. அதான் அவங்க மரியாதை."

"நல்ல மரியாதை! பசியோட வந்தவ பசியோடவே போக வேண்டியதுதான்."

அவன் விடவில்லை. தண்ணீர்ச் சொம்போடு எதிரே நின்று, துரை மாதிரி குனிந்து, "வுட் யூ லைக் சம் வாட்டர்?" என்றான். அவள் வாய் பழக்கதோஷத்தில் "நோ" என்றது. "போச்சு, தண்ணியும் போச்சு" என்று அவனே மடமடவென்று குடித்துத் தீர்த்தான். சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்தது. நாலு நாள் இதே கூத்து.

வெள்ளிக்கிழமை மேற்பார்வைக்காரி டீ வேண்டுமா என்றாள். அப்போதுதான் குடித்திருந்தாலும், "எஸ், ப்ளீஸ்." பிஸ்கட்? "எஸ், ப்ளீஸ்." பரவாயில்லையே என்று அவளுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. பிறகு அந்த அம்மாள் ஜன்னலோர நாற்காலியின் முதுகில் கை வைத்தபடி, "வுட் யூ லைக்" என்று ஆரம்பித்தாள்.

"நோ, தேங்க் யூ," என்றது அவள் வாய். பாழாய்ப்போன வாய்!

அம்மாள் சிரித்தபடியே திரும்பிவிட்டாள். இரண்டு எட்டு வைத்தும்விட்டாள். அவ்வளவுதான், இவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "நோ நோ! எஸ்! எஸ், ப்ளீஸ்! ஐ வான்ட்!" கடையே கேட்கிற மாதிரி கத்திவிட்டாள். எல்லா மிஷினும் நின்றது. முகம் பற்றி எரிந்தது, ஆனாலும் அவள் உட்காரவில்லை, பதில் வரும்வரை நின்றாள். மேற்பார்வைக்காரி வாய்விட்டுச் சிரித்து, நூல்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்பிலும் கறுப்பு நூல் தனியாகத் தெரிந்தது. ஒவ்வொரு தையலையும் எண்ணிவிடலாம் போலிருந்தது. அன்றைக்கு அவளுக்குத் தலை வலிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொல்லி முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"டீ போடட்டுமா?" என்றான்.

"வேணாங்க."

"இது இந்த ஊரு வேணாமா, நம்ம ஊரு வேணாமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சமையலறையில் இரண்டு டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது.