லாட் சாகேபின் புது பூட்ஸ்

வெள்ளைக்காரன் கொடியை இறக்கி ஒரு வருஷம் ஆகிவிட்டது. கப்பலேறிப் போன கவர்னர் துரை லாட் சாகேப் இப்போது தன் ஊரில் எந்த நாற்காலியில் சாய்ந்திருக்கிறாரோ, யார் கண்டது! ஆனால் மலையுச்சியில் இருக்கும் அவருடைய கோடை மாளிகையில், தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, மாடித் தாழ்வாரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. டக், டக் என்று வரும். பாதி வழியில் நிற்கும். பிறகு நாலே அடி. அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"சாகேபுக்கு டீ கேக்குதுடோய்!" என்று தோட்டக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிப்பார்களே தவிர, ஒரு பயலும் மாடியேற மாட்டான்.

லச்முவால் அப்படி இருக்க முடியாது. இருபது வருஷமாக அந்தத் தாழ்வாரத்தின் கண்ணாடிகளைத் துடைப்பவன் அவன்தான். சத்தம் வந்ததும் துணியைப் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிடுவான். அந்தக் காலத்துச் சட்டம் அது. லாட் வரும்போது வேலைக்காரன் முகம் சுவர்ப்பக்கம் இருக்க வேண்டும். பட்லர் சொல்லாமல் திரும்பினால் அன்றோடு வேலை போச்சு. என்ன மரியாதையோ, என்ன கண்றாவியோ!

அவனோடு தரை பெருக்க ரேஷ்மு வருவாள். அவன் தம்பி கிர்ப்புவின் பெண்டாட்டி. கிர்ப்பு அதே தாழ்வாரத்தில் நெஞ்சடைத்துச் செத்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. புருஷனின் அண்ணன் முன்னால் முகம் காட்டாத குடும்பம் என்பதால், அவள் முக்காடு எப்போதும் மோவாய்வரை தொங்கும்.

அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"அத்தான், நாளைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன். அவர் சாகறப்போ பக்கத்துல யாரு இருந்தா? அதை மட்டும் சொல்லுங்க."

"எத்தனை தடவைம்மா கேப்ப? யாரும் இல்லைன்னேனே."

"அவர் குதிகால்ல புதுக் கொப்புளம் இருந்துச்சு. நாந்தான் குளிப்பாட்டினேன். பூட்ஸ் போட்டு நடந்திருக்காரு. நீங்க இங்கதானே கண்ணாடி தொடச்சிட்டு இருந்தீங்க?"

லச்முவின் கை நின்றுவிட்டது. கிர்ப்புவுக்கும் லாட்டுக்கும் பாதம் ஒரே அளவு. சாகேபின் புது பூட்ஸை முதலில் தான் போட்டு நடந்து, இளக்கிக் கொடுப்பது கிர்ப்புவின் வேலை. சாகேப் கால் நோகக் கூடாதாம். கிர்ப்பு கால் என்ன ஆனால் என்ன!

"எப்பவும் கொல்லையிலதான் நடப்பான்" என்றான் லச்மு, அவளைப் பார்க்காமல். "அன்னைக்கும் இதே மாதிரி மழை. உள்ள வந்துட்டான் போல. எனக்கு பூட்ஸ் சத்தம் கேட்டுச்சு. திரும்பி நின்னுட்டேன்."

"அப்புறம்?"

"என் முதுகுக்குப் பின்னால வந்து நின்னான். மூச்சு வாங்குச்சு. பேச்சு வரலை. சாகேப்தான் கண்ணாடியில அழுக்கு பாக்குறாருன்னு நெனச்சேன். நாலடி போனான். விழுந்த சத்தம் கேட்டுச்சு." "அப்பவும் திரும்பலைம்மா. பட்லர் வந்து கத்துறவரைக்கும் சுவத்தையே பாத்துட்டு நின்னேன். பாவி நான், படுபாவி!"

ரேஷ்மு துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை.

நாலு மணி அடித்தது. டக், டக். லச்முவின் உடம்பு தானாகச் சுவர்ப்பக்கம் போனது. சத்தம் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. இழுத்து இழுத்து யாரோ மூச்சு விட்டார்கள்.

"திரும்புங்க" என்றாள் ரேஷ்மு.

"முடியலைம்மா."

"எந்த லாட்டுக்குப் பயப்படுறீங்க? உங்க தம்பி நிக்கிறாரு. திரும்புங்க!" முக்காட்டைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, வெறும் முகத்தோடு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

லச்மு திரும்பினான். தாழ்வாரம் காலியாகக் கிடந்தது. ஆனால் மூச்சு மட்டும் அங்கேயே, ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் முழங்காலிட்டு உட்கார்ந்தான். ஒன்றுமே இல்லாத இடத்தில் இரண்டு கையையும் வைத்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதுபோல அவிழ்த்தான்.

"கழட்டுடா கிர்ப்பு. போதும்டா. இளகிடுச்சு."

மூச்சு சீரானது. அந்த நாலடி வரவில்லை, விழும் சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கால் சத்தம் ஒன்று படியிறங்கி, வேலைக்காரர் குடிசைகள் பக்கமாகப் போனது.

"அவர் நடைதான்" என்றாள் ரேஷ்மு. அதன் பிறகுதான் அழுதாள்.