ஆணி வேணாம், கயிறு போதும்

அந்த வீட்டு முன்வேலியில் ஆணி அடித்தால், உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் கண்டக்டருக்கு வலிக்கும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால், டியூஷன் விளம்பரத் தட்டியைக்கூட அடுத்த வீட்டு வேலியில்தான் மாட்டினார்கள். கல்யாணமான வருடம் அவரே இழைத்து நட்ட மரவேலி அது. அன்று கையில் உளி பாய்ந்து, முதல் கம்பத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. பேருந்தில் அவர் "உள்ள போ, உள்ள போ" என்று தொண்டை கிழியக் கத்திய காலமெல்லாம் வேலி விறைப்பாக நின்றது. ஓய்வு பெற்றதும் பலகைகள் லேசாகக் கூன் போட்டன. மனைவி இறந்த மழைக்காலத்தில் கேட்டின் கீல் கழன்றது; அவர் வெளியே போவதை நிறுத்தினார். கரையான் ஏறிய வருடம் மூட்டு போயிற்று. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, கரையானுக்கு மருந்தடிக்கச் சொன்னார்.

கூடவே இருந்தவள் மகள். நாற்பது தாண்டியும் அவருக்கு அவள் 'வாலு'தான். வேலி எங்கே விட்டுக்கொண்டாலும் அவள்தான் சுத்தியலோடு போவாள். ஒவ்வொரு ஆணிக்கும் உள்ளேயிருந்து ஓர் அலறல் வரும். மறுநாள் அவர் கொஞ்சம் எழுந்து உட்காருவார். பிறகு கெஞ்ச ஆரம்பித்தார்: "வாலு, ஆணி வேணாம்டி. கயிறு போட்டுக் கட்டு, போதும்." கொடிக்கயிறு, பழைய ஒயர், ஸ்கூட்டர் டியூப் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துக் கட்டினாள். வேலி நின்றது என்றும் சொல்ல முடியாது, விழுந்தது என்றும் சொல்ல முடியாது. அவரும் அப்படியே.

ஒரு புயலில் இடது பக்கம் மொத்தமாகச் சாய்ந்தது. அவருக்கும் இடது பக்கம். வெளியூரிலிருந்து அண்ணன், தச்சரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். தச்சர் பலகையை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. வீட்டுக்குள் ஒரு முனகல் கேட்டது.

"ரிப்பேர் பண்ணலாம் தம்பி. பண்ணிக்கிட்டே இருக்கலாம்."

"மாத்திடலாம்" என்றான் அண்ணன்.

"மெதுவா பேசுண்ணே, அப்பா காதுல விழும்."

"விழட்டுமே. எத்தனை நாளைக்கு இந்தக் கட்டு வேலை?"

"நீ வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பாக்குற. தினம் கட்டுறவ நான்."

"அதுக்குத்தான் சொல்றேன். கண்ணாடில உன் மூஞ்சியப் பாத்தியா?"

பார்த்திருந்தாள். ஒரு இரவு முழுசாகத் தூங்கி வருடக்கணக்காகிறது. சாய்ந்த பக்கத்தை நிமிர்த்தி, கடைசியாக ஒரு தடவை கயிற்றை இறுக்கினாள். உள்ளேயிருந்து கோணிய வாயால் குரல் வந்தது: "கயிறும் வேணாம், வாலு."

முடிச்சை அவிழ்த்தாள். தச்சரிடம் "மாத்துங்க" என்றாள். அந்த வார்த்தையைச் சொன்னது தங்கச்சிதான் என்பதை அண்ணன் பிற்பாடு எல்லோரிடமும் மறக்காமல் சொன்னான்.

கம்பங்களைப் பிடுங்கப் பிடுங்க முனகல் குறைந்தது. சாயங்காலம் புது வேலி நின்றது. கட்டிலில் அதே உயரத்தில், அதே மூக்கோடு ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லேசாக வார்னிஷ் வாசனை. மகளைப் பார்த்ததும் "வணக்கம், நீங்க யாரு?" என்றார். நேரத்துக்குச் சாப்பிட்டார், இருமவில்லை, யாரையும் திட்டவில்லை. தச்சர் பத்து வருட உத்தரவாதம் கொடுத்தார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. "பாத்தியா, எவ்வளவு நல்லா இருக்காரு" என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டி ஏறினான்.

பழைய பலகைகளை பேக்கரிக்காரர் அடுப்புக்கு அள்ளிக்கொண்டு போனார். அந்த வார ரொட்டியைத் தின்றவர்கள் எல்லோரும் பேருந்தில் ஏறியதும் காரணமில்லாமல் "உள்ள போ, உள்ள போ" என்றார்கள். கூட்டமும் உள்ளே போயிற்று.

ரத்தம் ஊறிய முதல் கம்பத்தை மட்டும் மகள் தரவில்லை. அது சமையலறை மூலையில் சாய்ந்து நிற்கிறது. வெயில் நாட்களில், "வாலு, தண்ணி" என்று கேட்கும். அவள் ஒரு டம்ளர் கொண்டுவந்து அடியில் ஊற்றுவாள். ஒருநாள் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்த புதியவர் அதைப் பார்த்துவிட்டார்.

"கட்டைக்கா தண்ணி ஊத்துறீங்க?"

"கேக்குதே."

"கேட்டா குடுக்கத்தான் வேணும்" என்றவர், அடுத்த டம்ளரோடு அவள் தாண்டிப் போக வசதியாக, மரியாதையாகக் காலை மடக்கிக்கொண்டார்.