பின்னால் போன வண்டி

"காகிதம் வழுக்குதுன்னு நீதானே சொன்னே—"

"வழுக்குச்சு, சொன்னேன். வழுக்கினதுக்கு அப்புறமும் வண்டி உதைச்சா அதுக்கு நான்—"

"தானா வழுக்குச்சா, நீயா இழுத்தியா? அத முதல்ல சொல்லு."

"கல்யாணத்துக்கு முன்னாடியே பொத்தானுக்குக் காஜா எடுத்த கைங்க இது. ஒத்தை நூலு நகர்ந்தா எனக்குத் தெரியும். என் கையைக் குத்தம் சொல்லாதீங்க."

அவள் புருஷன் ஃபிட்டர் வலது கால் முட்டிக்குக் கீழே தேய்த்துக்கொண்டார். வண்டியின் கிக்கர் திருப்பி அடித்த இடத்தில் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. நேற்று அடித்த இடத்திலேயே இன்றும் அடித்திருக்கிறது. பாவம் என்று நினைக்க அவளுக்கும் ஆசைதான். ஆனால் பொழுது விடிந்ததிலிருந்து தரையில் குந்தி உட்கார்ந்து அவளுடைய முட்டியும் கழன்றுபோயிருந்தது.

முன்னறையில் பாதி அவளுடையது, பாதி அவருடையது. அவள் பாதியில் தையல் மிஷின், வெட்டுமேசை, கால்சட்டை மூட்டை. அவர் பாதியில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள், நடு ஸ்டாண்டில். கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் எண்ணெய்க் கறை ஒன்று ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக மிஷின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஊரான் துணியில் பட்டுத் தொலைக்கப் போகிறது என்று அவள் சொல்வாள். படாது என்று அவர் சொல்வார். போன வாரம் ஒரு வெள்ளைச் சட்டையில் பட்டுவிட்டது.

அவளுக்கு வண்டி வேலை தெரியாது. ஆனால் ஒரு வாரமாக இந்தக் காகித வேலை மட்டும் தலைகீழாகப் பாடம். இன்ஜின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் மேக்னட் என்கிற கனத்த சக்கரம். அதில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாயிண்ட், உதடு போல இரண்டு இரும்புத் துண்டு. மெல்லிய காகிதத்தை அந்த உதட்டில் கவ்வக் கொடுத்து அவள் லேசாக இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அவர் சக்கரத்தை மெதுவாகத் திருப்புவார். உதடு திறக்கிற கணத்தில் காகிதம் வழுக்கும். பிளக்கில் தீப்பொறி விழுகிற கணமும் அதுவே. அப்போது சக்கரத்தில் இருக்கிற கோடும் இன்ஜின் உடம்பில் இருக்கிற கோடும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். நின்றால் டைமிங் சரி.

நின்றது. ஒவ்வொரு தடவையும் பிசகாமல் நின்றது. எழுந்துபோய் உதைத்தால் மட்டும் 'படார்' என்று ஒரு வெடி, காலுக்கு ஓர் அடி, பிறகு பெட்ரோல் நாற்றம்.

பிளக் மாற்றியாயிற்று. கண்டென்சர் மாற்றியாயிற்று. காயில், ஒயர், எல்லாம் மாற்றியாயிற்று. அவளுடைய மிஷின் எண்ணெய் முழுக்க அதற்கு ஊற்றியாயிற்று. இதற்கெல்லாம் முன்பு, மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் அதிசயமாகக் கிளம்பவும் செய்தது. ஃபிட்டர் முகம் மலர்ந்து ஏறி உட்கார்ந்து, கியர் போட்டு, கிளட்ச்சை விட்டார். வண்டி பின்னால் போனது. முன்னால் போக வேண்டிய வண்டி, அவரையும் சுமந்துகொண்டு பின்னால் போய், எதிர்வீட்டுக்காரி துணி துவைத்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தது. டைமிங் ரொம்ப முந்திப்போனால் இந்த மாதிரி இன்ஜின் தலைகீழாகவும் சுற்றும் என்று அவர் தெருவுக்கே விளக்கம் சொன்னார். தெரு கேட்டால்தானே. சம்பந்தி வீட்டுக்குப் போக வண்டிக்கே மனசில்லை போலிருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரி சொன்னது, அன்று மாலைக்குள் தெருமுனைக் கடைவரை போய்விட்டது.

அந்தப் பேச்சில் தப்பில்லை. விஷயமே அதுதான்.

மகளைக் கட்டிக்கொடுத்த வீடு பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் தூங்கி எழுகிற தூரம். கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போயிருந்தபோது மருமகன், வண்டியைப் பார்த்து, இதுக்கு ஒரு மாலையைப் போட்டு உக்கார வெச்சிடலாமே மாமா என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டான். மகளும் சிரித்துவிட்டாள். மருமகன் சொன்னது ஃபிட்டருக்குப் பெரிதில்லை, மகள் சிரித்ததுதான். இனி இந்த வாசலுக்கு வந்தால் இதே வண்டியில்தான் வருவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று அங்கேயே ஒரு வீறாப்பு. பிறகு வண்டி படுத்தது. மகள் கூப்பிடும்போதெல்லாம் 'வண்டி சரியாகட்டும்' என்பதே பதில். மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோதுகூட அதே பதில். பஸ்ஸில் தனியாகப் போய், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்தது அம்மா மட்டும்தான்.

கிளம்பும்போது மகள் சொன்னாள், "அப்பாவ வண்டி சரியானதும் வரச் சொல்லும்மா." கோபமே இல்லாமல் சொன்னாள். அதை அப்படியே அவரிடம் வந்து சொன்னபோது அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதன்பிறகு மகள் போனை அப்பாவிடம் கொடு என்று கேட்பதையே விட்டுவிட்டாள்.

நாளைக் காலையில் மகளும் மருமகனும் கடல் தாண்டி வேலைக்குப் போகிறார்கள். எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பார்ப்பதென்றால் இன்றைக்குத்தான். அம்மாக்காரி பையைக் கட்டி வாசல் ஆணியில் மாட்டிவிட்டாள். பஸ்ஸில் போய்விடலாம், வாங்க என்று காலையிலிருந்து எத்தனை விதமாகச் சொல்லியும், இன்னொரு தடவை காகிதத்தப் பிடி என்கிறார்.

"கடைசியா ஒரு தடவை" என்றார் ஃபிட்டர்.

"காலையிலேர்ந்து எல்லாம் கடைசிதான்" என்றாள். ஆனாலும் குந்தினாள்.

கோடும் கோடும் சேர்ந்தன. காகிதம் வழுக்கியது. எழுந்தார். உதைத்தார். படார்.

வாசலில் யாரோ சிரித்தார்கள். அவளுடைய தம்பி. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். வாய் ஓயாமல் பேசுவதால் தெருவில் அவனுக்குச் சைலன்சர் என்று பெயர். அக்காவைப் பஸ் ஏற்றிவிட வந்தவன் அவன்.

"மாமா, தெருமுனை வரைக்கும் கேக்குது. வெடிக்கடை வெச்சிட்டீங்களா?"

"வா மச்சான். நீ ஒருத்தன்தான் பாக்கி."

அக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். காகிதம், கோடு, உதை, பை, பஸ். எல்லாம் சரியாக இருந்தும் ஏன் இப்படி என்று கேட்டாள். சைலன்சர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தான். டைமிங் எல்லாம் அப்பவே பார்த்தாச்சு, நீ பஸ்ஸுக்கு நேரத்தைப் பார் என்று ஃபிட்டர் குறுக்கே விழுந்தார். அப்போது அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மார்க் சேருது, சரி" என்றான் தம்பி. "மார்க் இருக்கறது மேக்னட்ல. பிஸ்டன் எங்க இருக்குன்னு யாராவது பாத்தீங்களா?"

பிளக்கைக் கழற்றினான். குளிர்பானம் உறிஞ்சுகிற குழல் ஒன்றை அந்த ஓட்டைக்குள் நிறுத்தி, அக்கா, நீ பிடி, ஏறுதா இறங்குதான்னு சொல்லு என்றான். சக்கரத்தை மெல்லத் திருப்பினான். உள்ளே பிஸ்டன் மேலே வர வர, குழலும் அவள் விரலுக்கு நடுவே மேலே வந்தது. கோடும் கோடும் சேர்ந்த இடத்தில் நிறுத்தினான். பிஸ்டன் இப்போது கிட்டத்தட்ட உச்சியில் இருக்க வேண்டும், கொஞ்சம் திருப்பினாலே இறங்க ஆரம்பிக்க வேண்டும் என்றான். திருப்பினான். குழல் இறங்கவில்லை. ஏறியது. இன்னும் ஏறியது. அரை விரற்கடை ஏறிய பிறகுதான் நின்றது.

"போச்சு. உச்சிக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பொறி விழுது. உதைக்காம என்ன பண்ணும்? கோடு பொய் சொல்லுது மாமா. மேக்னட் ஷாஃப்ட்ல நகர்ந்திருக்கு. உள்ள சாவி வெட்டியிருக்கும். பம்பு மோட்டார்ல தினம் பாக்கறேன்."

ஷாஃப்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓர் அரைவட்ட இரும்புத் துண்டு இருக்கும், அதைத்தான் சாவி என்பது, அது அறுந்தால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு நகர்ந்துகொள்ளும் என்று அவளுக்குச் சொன்னான். அவள் தலையாட்டினாள். மிஷினில் கொக்கி நகர்ந்தால் ஊசி எவ்வளவு ஒழுங்காக இறங்கினாலும் தையல் விழாது. அந்த மாதிரி ஏதோ ஒன்று என்று அவளுக்குப் புரிந்தது. அத்தனை வருஷம் ஆலையில் ஃபிட்டராக இருந்த மனுஷனுக்கு இது ஏன் தோன்றவில்லை என்பதுதான் புரியவில்லை.

சக்கரத்தைக் கழற்றுகிற புல்லர் எங்கே என்று தம்பி கேட்டதற்கு, எங்கேயோ கிடக்கும், தேடணும் என்றார் ஃபிட்டர். சைலன்சர் கருவி டப்பாவைத் திறந்தான், மேலேயே கிடந்தது.

சக்கரம் கழன்று வந்தது. தம்பி உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து வெளிச்சத்தில் நீட்டினான். பாதி நிலா. நடுவில் வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

"இதான் வில்லன். ஆனா இன்னிக்கு லீவு நாள், எந்தக் கடை திறந்திருக்கும்? ஒண்ணும் நடக்காது. கிளம்புக்கா, பஸ்ஸ விட்டுடாத."

அவள் கிளம்பவில்லை. அந்த அரை நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். அறுந்ததை இல்லை, முழுசாக. மழை விட்ட சமயம், கோட்டுப் பொத்தான் தேடும்போது அவளுடைய பொத்தான் டப்பாவுக்கு அடியில், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி ஒன்று இருந்தது. எந்தக் கோட்டுக் கொக்கி இது என்று கேட்டாள். வண்டிப் பழசு, கிடக்கட்டும் என்று மிஷின் பக்கம் பார்க்காமலே அவர் சொன்னார். கிடக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

எழுந்து போனாள். டப்பாவை வெட்டுமேசையில் கவிழ்த்தாள். பொத்தான்கள் உருண்டு தரையெல்லாம் ஓடின. காகிதச் சுருளை எடுத்துவந்து பிரித்து, தம்பியின் உள்ளங்கையில், அறுந்ததற்குப் பக்கத்தில் வைத்தாள். புத்தம் புதுசு. ஒரு கீறல் கிடையாது.

"அடேங்கப்பா. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்—" என்று ஆரம்பித்தவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் மூடியதை அந்த வீடு அன்றுதான் பார்த்தது.

அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். மழை விட்டதுமே சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார். சாவி அறுந்ததைப் பார்த்திருக்கிறார். புதுசு வாங்கியிருக்கிறார். வாங்கியதை ஒளித்துவிட்டு, அறுந்ததையே திரும்பப் போட்டு மூடியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கண்டென்சர், காயில், ஒயர். அதற்குப் பிறகுதான் ஒரு வாரமாகக் காகிதம். தெரிந்தே உதைத்து, தெரிந்தே அடி வாங்கி, அந்தக் காலோடு வந்து நீயா இழுத்தியா என்று அவள் கையைக் கேட்டிருக்கிறார்.

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஒரு வாரமா என்னை எதுக்குங்க தரையில உக்கார வெச்சீங்க?"

ஃபிட்டர் நகத்து அழுக்கைச் சுரண்டினார். வண்டி ஓடலைன்னா போக வேணாம்ல என்றார், மெதுவாக, தனக்குச் சொல்லிக்கொள்வது போல.

"மாட்டுடா" என்றாள் தம்பியிடம்.

சைலன்சர் மாட்டினான். ஷாஃப்ட்டின் பள்ளத்தில் புதுச் சாவியைத் தட்டி உட்கார வைத்து, சக்கரத்தைப் பொருத்தி, நட்டை முறுக்கினான். பாயிண்ட்டைத் தொட வேண்டியே இருக்கவில்லை. அது எப்போதும் சரியாகத்தான் இருந்தது. குழலை விட்டுப் பார்த்தான். கோடு சேர்ந்த இடத்தில், பிஸ்டன் உச்சிக்கு ஒரு மயிரிழை கீழே. அவள் காகிதத்தைப் பிடித்தாள். வழுக்கியது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

தெருவில் இறக்கி நிறுத்தினார்கள். உதைங்க மாமா என்று தம்பி சொன்னதற்கு, கால் வலிக்குது, நீயே உதை என்றார். ஒரே உதை. நீலப் புகை கக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது, நின்று நிதானமாக, ஒரு துடிப்புப் பிசகாமல். எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று வாளியை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

சைலன்சர் ஹேண்டிலை மாமாவிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டப் போனான். அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் பையை ஆணியிலிருந்து எடுத்துவந்து, பின்னால் ஏறி, மடியில் வைத்துக்கொண்டாள். அவருடைய தோளைப் பிடிக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தாள்.

அவர் கியர் போடவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கிளட்ச்சை இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. திரும்பாமலேதான் கேட்டார்.

"போய் நிக்கிறோம். அவ கதவத் திறந்து, 'வண்டி சரியாயிடுச்சாப்பா'ன்னு கேட்டா, நான் என்ன சொல்றது?"