மாட்டு இன்சூரன்ஸ் என்ற ஃபோல்டர்

1

இந்தக் கதை எனக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை பெஞ்சில் கிடைத்தது. என் தோழிக்கு நடந்தது. (எழுதுகிற பெண் ‘என் தோழி’ என்று தொடங்கினால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே படியுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில், அவள் மனத்திலும்—

நிறுத்திவிட்டேன். அந்தக் கடையிலிருந்து மலை தெரியாது. எதிரே இருக்கும் நகைக்கடை விளம்பரப் பலகை மறைக்கிறது. தவிர, மேகத்தை இறக்கிவிட்டால் அவள் மனத்துக்குள் போகிற வேலை எனக்கு மிச்சமாகிவிடும்.

2

தோழிக்குக் கோகிலவாணி என்று பெயர் வைக்கிறேன். கச்சிராயபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைச் சீர்வரிசையோடு கொண்டுவந்தாள். இப்போது அதன் பேட்டரி செத்துவிட்டது. ஒயர் மாட்டினால்தான் உயிர். அது அப்டேட் ஆகிக்கொண்டிருந்தபோது ப்ளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, அவ்வளவுதான்.

முதல் பிரதியில், பிடுங்கியவன் கணவன் வீரமணி. எனக்கு அது வசதியாக இருந்தது. உண்மையில் பிடுங்கியது அவளேதான், மிக்ஸி போடுவதற்காக. வீரமணி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபம்.

லேப்டாப்புக்குள் அவள் எழுதிய கதைகள் இருக்கின்றன. யாருக்கும் தெரியாது, வேறெங்கும் பிரதி கிடையாது. வீட்டில் ஒருவரும் திறக்கக் கூடாதென்று அந்த ஃபோல்டருக்கு ‘மாட்டு இன்சூரன்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தாள்.*

* நல்ல யோசனைதான். அப்போது வீட்டில் மாடு இருந்தது.

3

கணவனும் மனைவியுமாக அதைக் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் சுபாஷ் தன் பென்டிரைவ் ஒன்றைச் செருகி, லேப்டாப்பை வேறு வழியாக எழுப்பினார். ஃபோல்டர்கள் தெரிந்தன.

“விண்டோஸ்தாண்ணா அடிவாங்கிக்கீது. பைலுங்க நல்லாத்தான் கீது. அதத் தொடாம ரிப்பேர் பண்ணிப் பாக்கலாம். ஒத்துக்கலன்னா மொத்தமா தொடச்சிட்டுதான் புதுசு போடணும். எதுக்கும் வேணுங்கறத முன்னாடியே காப்பி எடுத்துக்குங்க.”

“கல்யாண வீடியோ வேணும்பா. அப்பறம் கரியாலூர் அருவிக்குப் போன போட்டோ” என்று வீரமணி தன் பென்டிரைவை நீட்டினான். வீடியோவே அதில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டது.

“மாட்டு இன்சூரன்ஸ்னு ஒன்னு கீதுங்க.”

“மாட்ட வித்தே ஒரு வருசமாவுது. இல்லாத மாட்டுக்கு இன்னாத்துக்குபா இன்சூரன்ஸ்? வுட்டுடு.”

“தம்மாத்தூண்டுதாண்ணா. ஒரு போட்டோ அளவுகூட வராது.”

இத்தனை வருடம் எழுதியது எல்லாம் சேர்ந்து, அருவிக்கு முன்னால் வீரமணி தலை துவட்டுகிற ஒரு படத்தைவிடச் சின்னது. [கசப்பு தூக்கலாக இருக்கிறதென்று இந்த வாக்கியத்தை அடித்தேன். ஆனால் அளவு சரியானது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.]

“இருந்துட்டுப் போவுதே” என்றாள் கோகிலவாணி.

“எது, மாடா?” வீரமணி சிரித்தான். “இவளுக்கு மாடுன்னா உசுருபா. வித்தன்னிக்கு சோறே துன்னல.”

சுபாஷ் அவளைப் பார்த்தார். “தொறந்து பாத்துடலாமாக்கா? வேணுமா வேணாமான்னு தெரிஞ்சிடும்.”

வீரமணி ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

4

இங்கேதான் எனக்கு இவள்மேல் சந்தேகம் வருகிறது. ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்? அவன் அடிக்க மாட்டான், கத்தவும் மாட்டான். பெருமைப்படுவான். “எங்க வூட்ல கதைல்லாம் எழுதுதுப்பா” என்று டீக்கடையில் சொல்வான். பிறகு எல்லாவற்றையும் உட்கார்ந்து படிப்பான். அவள் பயம் அதுதான். அந்தக் கதைகளில் வருகிற ஆண்கள் எல்லோரும் வீரமணியைப் போலவே தலை துவட்டுகிறார்கள்.

அதனால் மூன்று முடிவுகள்.

(அ) “அது என்னுது. கதை” என்கிறாள். “கதையா? என்னப் பத்தியா?” என்கிறான் வீரமணி. அவள்—

(ஆ) “தொறக்க வேணாம், வுட்டுடுங்க” என்கிறாள். காப்பி எடுக்கவில்லை. ரிப்பேர் ஒத்துக்கொள்கிறது, ஒரு எழுத்தும் அழியவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடமும் கிடைக்கிறது. (இவ்வளவு நல்லது ஒரே நாளில் நடப்பதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

(இ) அதையேதான் சொல்கிறாள். ரிப்பேர் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாண வீடியோ பத்திரமாக இருக்கிறது.

5

இதை நீங்கள் படித்துக்கொண்டிருப்பதால் கதைகள் தப்பித்தன என்று முடிவுகட்ட வேண்டாம். தொலைந்ததை மறுபடி எழுத முடியும். இரண்டாம் முறை மேகம் இறங்குகிற மாலைகள் குறையும், அவ்வளவுதான். பிடித்த முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இப்போது வேறு கவலை. இதை இன்னும் சேமிக்கவில்லை, கோப்புக்குப் பெயர் கேட்கிறது. ‘மரவள்ளி உரம்’ என்று அடித்தேன். மரவள்ளி எங்கள் கொல்லையில் இன்னும் நிற்கிறது. பிறகு அதை அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன். அதையும் அழித்தேன்.

சமையலறையிலிருந்து குரல் வருகிறது: “சட்னி நானே அரைக்கிறேன். அந்த ப்ளக்க புடுங்கிக்கட்டா?”

இரண்டில் ஒரு பெயரைச் சொல்லுங்கள். சீக்கிரம். பதில் வரும்வரை நிற்கிற ஆள் இல்லை அவர்.