நேர் வாசல்

சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: மக்களின் உள்ளத்தைக் கேட்டறிந்து, டிசைன் திங்கிங் எனும் மகத்தான முறையினால் சாய்ந்தமருதில் கட்டப்பட்ட முதலாவது வீட்டினுள், இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கு ஒன்று சிக்கிக்கொண்டது.

சந்தூக்கில் ஸைனம்பு, கபன் துணிக்குள், கற்பூரம் மணக்கக் கிடந்தாள். முன்பக்கம் வட்ட வாசலை எட்டுமுன்பே பின்பக்கம் வளைசுவரில் இடித்தது. காலையில் வெறுஞ்சந்தூக்கைச் சரித்து உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள்.

"இப்பயும் சரிச்சித்தான் எடுக்கணும், மச்சான்," என்றான் அவளுடைய தம்பி ஆதம்லெப்பை.

"உன்ட ராத்தா என்ன அலுமாரியா?" என்றார் கணவர் மீராசாஹிபு.

"அப்ப கையில தூக்கிக்கி போவம்."

"றோட்டுல நிக்கிற அத்தினை ஆம்புளையளுக்கும் முன்னாலயா? வாய மூடுடா."

அஸர் தொழுகையோடு அடக்கம்; அதற்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. சந்தியில், யுத்தம் முடிந்ததற்குப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

நாலு வருடத்துக்கு முன், சுனாமி அடித்த நாலாம் மாதம், பாடசாலை மண்டபத்தில் மூன்று நாள் பட்டறை நடந்தது. சுவரெல்லாம் மஞ்சள் கடதாசித் துண்டுகள். கைப்பேசி விற்கிறவரும் ஓவியம் தீட்டுகிறவரும்கூட இப்படித்தான் யோசிப்பார்களாம்: பாவிக்கிறவரின் மனதுக்குள் நுழைந்து. நுழைவதற்கு வாசலாக நின்றவர் ஓய்வுபெற்ற இங்கிலிஸ் மாஸ்டர் மீராசாஹிபு. கழுத்தில் மொழிபெயர்ப்பாளர் அட்டை. இரவு கூடாரத்தில் படுக்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை.

அந்த ஊரில் வீடு பெண்ணுடையது என்பதால் ஸைனம்பைக் கேட்டார்கள். அவள் யோசிக்கவேயில்லை.

"மையித்துப் போறதுக்கு நேர் வாசல் ஒண்டு வேணும். எங்கட புள்ளைகள எந்த வாசலாலயும் கொண்டு போகக் கிடைக்கல்ல."

பட்டறை நடத்திய வெள்ளைக்காரர் பேனையைத் திறந்து, புன்னகையோடு காத்திருந்தார். அந்தப் புன்னகையைக் கெடுக்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை. வருகிறவர்களை அணைத்துக்கொள்ளும் வாசல் வேண்டுமாம் என்று நல்ல இங்கிலிஸில் எடுத்துவிட்டார். மண்டபமே கைதட்டியது. தான் சொன்னதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று ஸைனம்பும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அணைப்பு ஆறங்குலச் சீமெந்துக் கல்லில், வளைசுவராய் வந்து சேர்ந்தது.

அதைக் கட்டிய மேசன் தம்பிமுத்து, இப்போது ஆள் சொல்லியனுப்ப, தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வந்தார். பட்டாசுச் சத்தத்துக்குள்ளால் தலையைக் குனிந்தபடி வந்தவர், இரும்பு அலவாங்கை எடுத்தார். சுவரைக் கண்டதும்தான் வாய் திறந்தது.

"ஏன் சேர் இப்பிடி வளைக்கச் சொல்லுறாங்க எண்டு நான் அண்டைக்கே கேட்டநான். அக்கா விரும்பிக் கேட்டவ எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

மீராசாஹிபின் வாயில் எச்சில் கசந்து ஊறியது. மையித்து வீட்டில் எங்கே துப்புவது? விழுங்கினார்.

"உடைங்க."

வாசலோரம் பதித்திருந்த பளிங்குப் பலகை, 'இவ்வீடு எங்கள் குரல்' என்று பொறித்தது, இரண்டாம் குத்திலேயே கழன்று விழுந்தது. ஆதம்லெப்பை அதைக் காலால் ஒதுக்கினான். ஸைனம்பு நேராக வெளியே போனாள்.

அடக்கிவிட்டுத் திரும்பும்போது மஃரிப் தொழுகைக்குக் கிட்ட ஆகிவிட்டது. தம்பிமுத்து கற்களை அடுக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"நாளைக்கு வந்து பழையபடி கட்டித் தாறன், சேர்."

"வேணாம். நேரா உடுங்க. கதவு மட்டும் போட்டாக் காணும்."

தம்பிமுத்து நாடாவை இழுத்து வாசலை அளந்தார். மூன்றரை அடி.

அந்த வாசலால் போவதற்கு வீட்டில் இனி ஒருவர்தான் மிச்சம்.